கியர் போய்விட்டதாமே!

அமராவதி நகரிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய சலவை யந்திரம் ஒன்று இருக்கிறது. மாமியார் வாங்கியது. மூடியைத் திறந்தால் நடுவில் தூண் மாதிரி ஒன்று நின்று, இப்படியும் அப்படியும் திரும்பித் துணியைக் கலக்குமே, அந்த ஜாதி யந்திரம். இரண்டு மாதமாக அது முனகிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணிகளில் கறுப்புக் கறுப்பாக எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. போன வாரம் தூண் திரும்புவதையே நிறுத்திவிட்டது. மோட்டார் ஓடுகிறது, துணி பிழிகிற வேலையும் நடக்கிறது, துவைக்கிற வேலை மட்டும் நடக்கவில்லை.

மெக்கானிக் வந்தார். ஒரு திருகாணியையும் கழற்றவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டார். "கியர் போய்விட்டது அம்மா! இதற்கெல்லாம் இப்போது சாமான் கிடைக்காது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். இதை வேண்டுமானால் இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சகோதரியின் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார்; வரும்போது ஒரு வாரத்துத் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். மாமியாருக்கு முழங்கால் வலி. இந்த வருஷம் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியானபிறகு புது யந்திரத்துக்குக் கையில் பணம் இல்லை. "கியர் போய்விட்டது என்பது மெய்தானா? மெய்யானால் அதற்கு வைத்தியமே கிடையாதா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் அன்று. ஆகையால் இந்த வாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மெக்கானிக்கை நாம் ஏசப்போவதில்லை. ஒரு கியர்ப் பெட்டியைப் பிரித்து, கழுவி, பார்த்து, மறுபடி பூட்ட ஒரு பகற்பொழுது ஆகும். கையெல்லாம் எண்ணெய். அவ்வளவுக்கும் கூலி கேட்டால், "ஒரு சின்ன ரப்பர் வளையம் மாற்றினதற்கா இவ்வளவு?" என்று நாமே முகத்தைச் சுளிக்கிறோம். முழுப் பாகத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினால் அரை மணியில் வேலை தீரும். நாமும் பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். இந்த நிலையில் பழைய யந்திரத்தைப் பிரிக்க அவருக்கு மனம் வருமா?

இருக்கட்டும். முதலில் இந்தக் கியர்ப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

நடுவில் நிற்கும் தூணை மெக்கானிக்குகள் 'அஜிடேட்டர்' என்கிறார்கள். நமக்கு 'மத்து' என்ற அழகான வார்த்தை இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். பாட்டிமார் தயிர் கடைந்ததை நினைத்துப் பாருங்கள். கயிற்றின் இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுப்பார்கள்; மத்து ஒரு பக்கம் சுழன்று மறு பக்கம் திரும்பும். சலவை யந்திரத்தின் மத்தும் அப்படித்தான் திரும்ப வேண்டும். ஆனால் அந்தக் காலத்து யந்திரங்களில் துவைக்கும்போது மோட்டார் ஒரே திசையில்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே திசையில் ஓடுகிற ஓட்டத்தை இரு திசை ஆட்டமாக மாற்றிக் கொடுப்பதே கியர்ப் பெட்டியின் உத்தியோகம்.

எப்படி மாற்றுகிறது? வீட்டில் கால் மிதி தையல் மிஷின் இருந்தால் அதன் கீழே குனிந்து பாருங்கள். மிதிப் பலகை மேலும் கீழும் ஆடுகிறது; ஒரு தண்டு அந்த ஆட்டத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறது. கியர்ப் பெட்டியில் இதே கதை தலைகீழாக நடக்கிறது. மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் ஓரத்தில் மாட்டிய தண்டு முன்னும் பின்னும் போய் வருகிறது. தண்டின் மறு முனையில் விசிறி வடிவத்தில் ஒரு பல்சக்கரத் துண்டு. அந்த விசிறி ஆட ஆட, அதனோடு பல் கோத்திருக்கும் சிறு சக்கரம் இரு பக்கமும் புரளுகிறது. அந்தச் சிறு சக்கரத்தின் மேல்தான் மத்தின் தண்டு நிற்கிறது. இவ்வளவும் ஒரு வார்ப்புப் பெட்டிக்குள், எண்ணெயில் முங்கிக் கிடக்கிறது.

இந்த மத்து யந்திரத்தின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லலாம். அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்து மேடாக் கம்பெனி 1922-ல் தொட்டியின் அடியிலிருந்து சுழலும் மத்து வைத்த யந்திரத்தை விற்க ஆரம்பித்தது. பிழிவதற்கு உருளைகள் தனியே இருந்தன. துணியைக் கையால்தான் அவற்றினூடே செலுத்த வேண்டும். 1937-ல் பெண்டிக்ஸ் கம்பெனி எல்லாவற்றையும் தானே செய்யும் யந்திரத்தைக் கொண்டுவந்தது. அதைத் தரையோடு ஆணி அடித்து நிறுத்தாவிட்டால் நடக்கத் தொடங்கிவிடும்! மத்தும் பிழிதலும் ஒரே தொட்டியில் அமைந்த யந்திரத்தை வர்ல்பூல் கம்பெனி 1947-லும் 1948-லும் கடைக்கு அனுப்பியது. அதே கம்பெனி 1980-களின் பிற்பகுதியில் டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து புதுச்சேரியில் ஆலை வைத்தது. நம் நாட்டுக்கென்று செய்தபோது சேலை சுற்றிக்கொண்டு சிக்காதபடி மத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்ததாம். அமெரிக்க இன்ஜினீயர்கள் சேலையின் நீளத்துக்குத் தலை வணங்கினார்கள் என்பதில் நமக்கு ஒரு சின்னத் திருப்திதான்!

இனி நோயாளியைக் கவனிப்போம்.

பிழிகிற வேலை நடக்கிறது என்று சகோதரி எழுதியிருக்கிறாரே, அது மிகவும் முக்கியமான சாட்சி. பிழியும்போதும் அதே மோட்டார், அதே பெல்ட்டுத்தான். ஆகவே அவ்விரண்டும் பெரும்பாலும் நிரபராதிகள். (மோட்டார் ஓடாமல் 'உம்' என்று உறுமிக்கொண்டு மட்டும் நின்றிருந்தால், கப்பாஸிட்டர் என்னும் சிறு உருளையைச் சந்தேகித்திருக்கலாம், அதை மாற்றுவது அற்பச் செலவு.) மிச்சமிருக்கும் குற்றவாளிகள் இருவர். ஒன்று மத்து; மற்றொன்று கியர்ப் பெட்டி.

மத்தா? ஆம். மத்தின் உட்புறத்தில், தண்டைக் கவ்விக்கொள்வதற்காக நுண்ணிய பற்கள் வெட்டியிருக்கும். தண்டு இரும்பு, மத்து பிளாஸ்டிக்கு. ஜமுக்காளத்தையும் கம்பளியையும் திணித்துத் திணித்து ஓட்டினால், இந்தப் பிளாஸ்டிக்குப் பற்கள் வழுக்கையாகிவிடும். அப்போது தண்டு திரும்பும், மத்து திரும்பாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கியர் போனதாகவே தோன்றும். மத்தை மட்டும் மாற்றினால் தீருகிற காரியத்துக்கு யந்திரத்தையே பறிகொடுத்தவர்களை நாம் அறிவோம்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. மின்சாரச் செருகியைப் பிடுங்குங்கள். மத்தின் தலையிலிருக்கும் மூடியைத் திருகி எடுத்து, உள்ளேயிருக்கும் திருகாணியைக் கழற்றி, மத்தை நேர் மேலாகத் தூக்குங்கள். வருஷக் கணக்காக இருந்தது எளிதில் வராது. தொட்டியில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டால் பிளாஸ்டிக்கு இளகிக் கொடுக்கும். மத்தின் அடியில் கயிறு கொடுத்து இரு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். திருப்புளியைக் கொடுத்து நெம்பினால் தொட்டி உடையும். எடுத்த மத்தைக் கவிழ்த்து உட்புறம் விரலை விட்டுத் தடவுங்கள். பற்கள் கூராக இருந்தால் மத்து யோக்கியன். வழவழவென்று இருந்தால் திருடன் அகப்பட்டான். சந்தேகமாக இருந்தால், மத்து இல்லாமலே குறைந்த அளவு தண்ணீர் விட்டு யந்திரத்தை ஓட்டி, கையை உள்ளே விடாமல், தண்டு திரும்புகிறதா என்று பார்க்கலாம்.

ஆனால் நம் சகோதரியின் விஷயத்தில் எண்ணெய்ப் பொட்டு இருக்கிறது. மத்து குற்றவாளியாகவே இருந்தாலும், கியர்ப் பெட்டியைத் திறக்காமல் தீராது. பெட்டிக்குள் இருக்க வேண்டிய எண்ணெய் துணிக்கு ஏறி வருகிறதென்றால், தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது. எண்ணெய் மேலே வருகிற வழியில் தண்ணீர் கீழே போகாதா? போகும். அங்கேதான் ஆபத்து. நாம் பார்த்த வரையில், இந்தப் பழைய கியர்ப் பெட்டிகள் தாமாகச் சாவது அபூர்வம். எண்ணெயில் கிடக்கிற வரையில் அந்தப் பற்கள் இருபது முப்பது வருஷம் சலிக்காமல் உழைக்கும். சோப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் எண்ணெய் கெட்டு, பல் துருப்பிடித்து, பேரிங் கத்த ஆரம்பிக்கும். முதல் பொட்டு விழுந்த அன்றைக்கே சீலை மாற்றியிருந்தால் மற்ற எதுவும் நேர்ந்திராது.

பெட்டியைப் பிரிப்பது வீட்டு வேலையன்று; கைப்பழக்கமுள்ள ஒருவர் வேண்டும். கார், மோட்டார் சைக்கிள் கியர் பிரித்த அநுபவம் இருந்தால் போதும். எனினும் பக்கத்தில் நின்று நாம் பார்க்க வேண்டிய சில உண்டு. செருகியைப் பிடுங்கிய பிறகும் கப்பாஸிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை அறிந்தவர்தான் தொட வேண்டும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்குங்கள். குழந்தைகளை அந்தத் தட்டின் பக்கம் விடாதீர்கள்.

பெட்டியின் மூடி திறந்ததும், எண்ணெயை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடிக்கச் சொல்லுங்கள். ரோகம் முழுவதும் அந்தக் கிண்ணத்தில் தெரியும். எண்ணெய் வெல்லப் பாகு நிறமாக, தெளிவாக இருந்தால் பெட்டிக்குள் ஒன்றும் கெடவில்லை. மோரில் காப்பியைக் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனால் பல் இன்னும் பிழைத்திருக்கக்கூடும். வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது பொடிப் பொடியாக மின்னினால் அது உலோகத் தூள். எங்கோ பல் தேய்கிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது சின்னச் சக்கரம். பெரிய விசிறி கொஞ்சம் அசைந்தால் சின்னது நிறையப் புரள வேண்டும். அதற்குத் தேய்மானம் அதிகம். எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பனியன் துணியால் துடைத்து, ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். பனியன் துணிக்குத்தான் இவர்கள் வீட்டில் பஞ்சமில்லையே!

அடுத்தது தண்டு. சீல் உரசிய இடத்தில் நகத்தால் மேலிருந்து கீழே கீறிப் பாருங்கள். நகம் பள்ளத்தில் விழுந்து தடுக்கினால், அங்கே புது சீல் போட்டும் பயனில்லை. மூன்று மாதத்தில் மறுபடி ஒழுகும். பெரும்பாலான ரிப்பேர்கள் தோற்பது இந்த இடத்திலேதான். ஒழுகியதைக் கண்டவர்கள், 'ரிப்பேர் செய்து என்ன கண்டோம்?' என்று ரிப்பேரையே வெறுத்துவிடுகிறார்கள். தண்டை ஒரு லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போய், பள்ளத்தை வழித்து மெருகேற்றவோ, ஒரு மெல்லிய உறை போட்டுச் சரி செய்யவோ வேண்டும். இது நம் கொங்கு நாட்டில் பெரிய காரியமா? இந்தியாவிலேயே முதன் முதலாக மின்சார மோட்டார் செய்த ஊர் கோயமுத்தூர் என்பார்கள், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து அந்தச் சீமையில் தெருவுக்குத் தெரு லேத்து ஓடுகிறது. ஒரு சலவை யந்திரத் தண்டைக் கண்டு அங்கே யாரும் மிரளமாட்டார்கள்.

"சாமான் கிடைக்காது" என்றாரே மெக்கானிக்? பாதி மெய். அந்த மாடலுக்கென்று வார்த்த பல்சக்கரம் கடையில் கிடைப்பது கஷ்டந்தான்; பழைய சாமான் கடைகளில், அதே மாடல் யந்திரம் ஒன்று பிரிந்து கிடக்கிறதா என்று தேட வேண்டும். ஆனால் சீலும் பேரிங்கும் எந்தக் கம்பெனியின் குலதனமும் அல்ல. அவற்றின் அளவுகள் உலகப் பொது. பேரிங்கின் விளிம்பில் ஓர் எண் பொறித்திருக்கும். 6204 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்குங்கள்: உள்விட்டம் 20 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 47, கனம் 14. இந்த 6204 மோட்டாரிலும் இருக்கும், பம்பிலும் இருக்கும். சீலிலும் மூன்று எண்கள் இருக்கும்: தண்டின் விட்டம், குழியின் விட்டம், கனம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு திருப்பூரில் பின்னல் யந்திரச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும், எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுப்பார்கள். 'சலவை யந்திரத்துக்கு' என்று சொல்ல வேண்டிய அவசியங்கூட இல்லை. வாரா வாரம் வருகிற கணவருக்கு இந்தச் சிறு பணியை ஒப்படைக்கலாம்.

பூட்டும்போது சீலின் முகம் எந்தப் பக்கம் என்பதில் தவறு நேரக் கூடாது. ரப்பர் உதட்டின் பின்னால் ஒரு மெல்லிய சுருள் கம்பி தெரியும்; எதைத் தடுத்து நிறுத்த வேண்டுமோ அந்தப் பக்கம் அது பார்க்க வேண்டும். தண்ணீரைத் தடுக்கிற சீல் தண்ணீரைப் பார்க்கும். எண்ணெயைத் தடுக்கிறது எண்ணெயைப் பார்க்கும். சுத்தியலால் ஓரத்தில் தட்டாமல், ஒரு வட்ட மரத்துண்டை வைத்துச் சமமாக அழுத்தி இறக்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஸிலிக்கோன் கிரீஸ். எண்ணெய் இன்ன ரகம், இவ்வளவு அளவு என்பது யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 'நிறைய ஊற்றினால் நல்லதுதானே' என்று ஊற்றினால், சூட்டில் பெருகிச் சீல் வழியாகத் திரும்பவும் துணிக்கே வரும். தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் உதவா. மூடுமுன் கையால் சுழற்றிப் பார்த்து, எங்கும் தடுக்காமல் ஓடினால் மூட வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம் சொல்லிவிடுகிறோம். 1980-களில் வந்த சில மாடல்களில் பெல்ட்டுக்குப் பதிலாக மோட்டாருக்கும் கியருக்கும் நடுவே பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்ந்த ஓர் இணைப்பு உண்டு. யந்திரம் தாங்க முடியாத பாரம் ஏற்றினால் அது முதலில் உடையும். உடைய வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்; அது உடைந்து கியரைக் காப்பாற்றும். நம்மவர்களில் சில கெட்டிக்காரர்கள் "எத்தனை தடவை மாற்றுவது?" என்று அந்த இடத்தில் இரும்பைக் கடைந்து போட்டுவிடுகிறார்கள். அடுத்த தடவை உடைவது கியராகவே இருக்கும்.

எப்போது கைவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கியர்ப் பெட்டியின் வார்ப்பே விண்டிருந்தாலும், கூடையைத் தாங்கும் கைகள் துருவேறி அரித்திருந்தாலும், வெளித்தொட்டி ஓட்டை விழுந்திருந்தாலும் வீண் ஆசை வேண்டாம். அந்நிலையிலும் இரும்பு விலைக்குக் கண்டவரிடம் தள்ளிவிடக் கூடாது. 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி சலவை யந்திரமும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் போக வேண்டிய பண்டம். இரும்பைத் தவிர அதில் செம்பும் எண்ணெயும் இருக்கின்றன.

மற்றப்படி, ரிப்பேர் செய்வது கருமித்தனம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ஈட்டன் என்ற ஊரில், லீ மாக்ஸ்வெல் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய சலவை யந்திரங்களைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி ஒரு காட்சிசாலையே வைத்தார். இந்திய சர்க்காரும் 2022 டிசம்பரில், பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைத்தளம் திறந்தது. கம்பெனிகள் தங்கள் கையேடுகளையும் உதிரிச் சாமான் விவரங்களையும் அங்கே வைக்க வேண்டும் என்பது நோக்கம். இருபத்தைந்து வருஷத்து மாடலின் கையேடு அங்கே அகப்படும் என்று நாம் உத்தரவாதம் தர முடியாது; தேடிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பிழைத்தெழுந்த யந்திரத்தை எப்படி வைத்துக்கொள்வது? நான்கு காலும் தரையில் சமமாக ஊன்ற வேண்டும்; ஒரு கால் தூக்கி நின்றால் பிழியும்போது தண்டு ஆடி, சீலின் ஒரு பக்கத்தையே தின்னும். வாரத்துத் துணி மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஈடாகத் திணிக்காமல் மூன்று ஈடாகப் போடலாம். அமராவதி நகருக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் மலையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிற நீர் அது. திருப்பூர் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரைப் போல் பாகங்களில் சுண்ணாம்பு பூக்காது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போது வண்டலும் வரும். குழாய்க்கும் யந்திரத்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வலையை அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை கழுவுங்கள். வண்டல் மணல் சீலின் உதட்டுக்கு அரம். சோப்புத்தூளையும் அளந்து போடுங்கள். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது பிரமை.

கிண்ணத்தில் வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள். அமராவதி உங்கள் ஊரோடு நிற்கவில்லை. கரூர் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கும் வரை வழியெல்லாம் அதைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய டப்பாவில் அடைத்து, உடுமலைப்பேட்டைக்குப் போகும்போது மோட்டார்ப் பட்டறையில் கொடுங்கள். அவர்கள் தங்கள் கழிவு எண்ணெயோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள்.

இரட்டைத் தொட்டி யந்திரம் வைத்திருக்கும் நேயர்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் பிழியும் தொட்டிக்குப் பிரேக் பிடிக்காத கதை வேறு. அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.